பெங்களூரில் ஆறு நாள்: பல்லேடியத்தைத் துரத்தி

நாள் 1, ஞாயிறு: யஷ்வந்த்பூர்

யஷ்வந்த்பூரில் மெட்ரோ ஏறினால் நகரப் பக்கம் அடுத்த நிறுத்தத்தின் பெயர் சாண்டல் சோப் ஃபாக்டரி. கரிம வேதியியல் பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்ப்பலகை அமையாது. முதல் உலகப் போரில் மைசூர்ச் சந்தனக்கட்டைக்கு ஐரோப்பிய வழி அடைபட்டது. கட்டையை இங்கேயே காய்ச்சி எண்ணெய் இறக்கலாம் என்று செய்து காட்டியவர்கள் இந்திய அறிவியல் கழகத்தின் சட்பரோவும் வாட்சனும். எண்ணெய்த் தொழிற்சாலையும் சோப்புத் தொழிற்சாலையும் அதைத் தொடர்ந்து வந்தன.

அந்தக் கழகம் பக்கத்தில்தான். ஆட்டோக்காரரிடம் இன்றும் ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றால்தான் வண்டி நேராகப் போகும். மைசூர் அரசு கொடுத்த நிலம் 371 ஏக்கர். 1911-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தபோது இருந்தவை பொது வேதியியலும் மின்னியலும். கரிம வேதியியல் சில வாரங்களில் சேர்ந்துகொண்டது. ஞாயிறு என்பதால் மரங்களையும் டாட்டா சிலையையும் பார்த்துவிட்டு மல்லேஸ்வரத்தில் காபி. வேலை நாளை தொடங்கும்.

நாள் 2, திங்கள்: காற்றை வெளியேற்றுதல்

பார்க்க வந்த ஆய்வகம் ஊரின் வடக்குப் பக்கம் இருக்கிறது, பெயர் வேண்டாம். பல்லேடியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக வைத்துக் கார்பனையும் கார்பனையும் கோக்கும் குழு. மூன்று பேர் தமிழ். திருநெல்வேலிக்காரரான முதுநிலை ஆய்வாளர், விருதுநகர்ப் பக்கத்து நான்காம் ஆண்டு மாணவி, அல்சூரில் பிறந்து வளர்ந்த கண்ணாடிப் பட்டறைக்காரர். மாணவிக்கு முதலாமவர் ‘அண்ணா’. பட்டறைக்காரர் எல்லாருக்கும் ‘மாமா’, கன்னடப் பிள்ளைகளுக்கும்.

வினையூக்க வேதியியலாளரின் நாளில் பாதி, காற்றை வெளியே நிறுத்துவதில் போகிறது. அதற்கான கருவி ஷ்லெங்க் லைன். இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இணையாக ஓடும்; ஒன்றில் வெற்றிடம், மற்றொன்றில் எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு. இருவழித் திருகைத் திருப்பினால் குடுவை இதிலிருந்து அதற்கு மாறும். இழு, நிரப்பு, மூன்று முறை. ஏன் மூன்று? பம்பு 1 மில்லிபார் வரை இழுத்தால் ஒரே சுற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. கணக்குப்படி இரண்டே போதும். கணக்கில் வராதது கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம். அது இழுத்தால் மட்டும் போகாது. குடுவையை இரவு முழுக்க 120 டிகிரி அடுப்பில் வைத்து, சூடாக இருக்கும்போதே லைனில் மாட்டி, வெற்றிடத்திலேயே ஆறவிட வேண்டும். ஆறிய குடுவையை மாட்டிவிட்டு ஐந்து சுற்று இழுப்பவர்களும் உண்டு. பம்பு எண்ணெய்க்குத்தான் கேடு.

கரைப்பானில் கரைந்த ஆக்சிஜனை எடுக்க இரண்டு வழி. நீண்ட ஊசியை அடிவரை விட்டு ஆர்கானைக் குமிழ்களாக 20 நிமிடம் ஓட்டுவது எளிது; இந்த ஆய்வகத்தில் பெரும்பாலும் அதுதான். கறாரான வேலைக்கு உறைய வைத்து, இழுத்து, உருக்கும் முறை: திரவ நைட்ரஜனில் உறையவை, வெற்றிடத்தைத் திற, மூடு, உருகவிடு, குமிழ் வருவதைப் பார், மூன்றாம் சுற்றில் குமிழ் நிற்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான இடமும் இதுதான். திரவ நைட்ரஜன் −196 டிகிரி. ஆர்கான் −186-இலேயே திரவமாகிவிடும். ஆர்கான் திறந்திருக்கக் குடுவையை நைட்ரஜனில் இறக்கினால் ஆர்கான் சத்தமில்லாமல் உள்ளே திரவமாகத் தேங்கும். மூடிவிட்டு வெளியே எடுத்தால் ஆவியாகி வெடிக்கும். காற்றுக் கசிவு இருந்தால் இன்னும் மோசம். பம்பைக் காக்கும் குளிர்ப்பொறியில் ஆக்சிஜன் வெளிர்நீலத் திரவமாக நிற்கும், பக்கத்திலேயே கரைப்பான் ஆவியும் உறைந்திருக்கும். அதனால் வரிசை மாறக் கூடாது: முதலில் பம்பு ஓட வேண்டும், பிறகுதான் நைட்ரஜன், முடிக்கும்போது முதலில் நைட்ரஜன் வாளி இறங்க வேண்டும். இங்கே குளிர்ப்பொறியின் மேலே சிவப்பு நாடாவில் ‘நீலம் தெரிந்தால் தொடாதே, ஆளைக் கூப்பிடு’ என்று மூன்று மொழிகளில் ஒட்டியிருக்கிறது.

டெட்ராஹைட்ரோஃபியூரானை உலர்த்த ஒரு காலத்தில் எல்லா ஆய்வகத்திலும் சோடியமும் பென்சோஃபீனோனும் போட்ட கரைப்பான் கொதித்துக்கொண்டிருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் தீர்ந்ததும் கருநீலமாகும். அழகான நிறம், ஆனால் தீ விபத்துக்குப் பேர்போனது. கொதிக்கும்போதுகூட இல்லை, கடைசியில் மிச்ச சோடியத்தைக் கொல்லும்போதுதான் தீப்பிடிக்கும். ஐசோபுரொப்பனால் ஊற்றுவார்கள், குமிழ் அடங்கும், முடிந்ததென்று தண்ணீர் ஊற்றுவார்கள். கட்டியின் மேல் வெள்ளைத் தோல் படிந்ததால் குமிழ் அடங்கியிருக்கும், உள்ளே சோடியம் அப்படியே இருக்கும். இப்போது இங்கே ஈரத்தை உறிஞ்சும் 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூற்றுச் சல்லடை மணிகள். 300 டிகிரியில் வெற்றிடத்தில் ஓர் இரவு சூடாக்கி, கரைப்பானில் 100 மில்லிக்கு 20 கிராம் போட்டு மூன்று நாள் மூடிவைத்தால் போதும். 2010-இல் வெளியான ஓர் ஒப்பீடு சோடியத்தைவிட இதுவே நன்றாக உலர்த்துகிறது என்று அளந்து காட்டிய பிறகும், நீல நிறத்தைப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் என்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பெங்களூருக்கே உரிய இரண்டு சங்கதிகள். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். தண்ணீர் 97-இலேயே கொதிக்கும், 110-இல் கொதிக்க வேண்டிய டொலுயீன் 107-இல். சென்னையில் ஓடிய வினை இங்கே மெதுவாக ஓடினால் முதலில் இதை நினைக்க வேண்டும். அடுத்தது தண்ணீர். குளிர்விக்கும் குழாயில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால் 12 மணி நேரத்தில் 720 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது இதைச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. இப்போது சுழற்சிக் குளிரூட்டி. குழாய்த்தண்ணீரை மாட்டினால் அண்ணா முறைப்பார்.

நாள் 3, செவ்வாய்: நான்கு குழாய்கள்

இன்று பார்த்தது சுசுகி இணைப்பு: போரான் ஏறிய கார்பனையும் புரோமின் போன்றது ஏறிய கார்பனையும் பல்லேடியத்தால் கோப்பது. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அகிரா சுசுகியும் நோரியோ மியாவுராவும் 1979-இல் வெளியிட்டது. ஹெக், நெகிஷி இருவரோடு சுசுகிக்கு 2010-இல் நோபல். இந்த வினையின் பூர்வீகத்தில் நம்மூர்க் கையும் உண்டு. போரானைக் கரிமச் சேர்மங்களில் எளிதாக ஏற்றும் ஹைட்ரோபோரேஷனை 1956-இல் ஹெர்பர்ட் பிரவுனோடு சேர்ந்து வெளியிட்டவர் பி.சி. சுப்பா ராவ். அந்தப் பிரவுனிடம்தான் சுசுகியும் நெகிஷியும் பின்னர் வேலை பழகினார்கள். பாடப்புத்தகத்தில் சுப்பா ராவ் பெயர் பெரும்பாலும் வருவதில்லை.

அளவு இது. 4-புரோமோஅசிட்டோஃபீனோன் 199 மில்லிகிராம், அதாவது 1 மில்லிமோல். ஃபீனைல்போரானிக் அமிலம் 146 மில்லிகிராம், 1.2 பங்கு. பொட்டாசியம் கார்பனேட் 276 மில்லிகிராம், 2 பங்கு. வினையூக்கியான டெட்ராகிஸ் பல்லேடியம் 35 மில்லிகிராம், 3 சதவீதம். டையாக்சேன் 4 மில்லி, தண்ணீர் 1 மில்லி. திடப்பொருள்களும் ஸ்டர் பாரும் (கலக்கிவிடும் காந்தத் துண்டு) முதலில், குமிழோட்டிய கரைப்பான் பிறகு, பல்லேடியம் கடைசியில், ஆர்கான் ஓட்டத்தில். மூடிய குழாய், 90 டிகிரி எண்ணெய்ச்சட்டி, நான்கு மணி நேரம். திறந்த குடுவையில் கொதிக்கவிட்டால் டையாக்சேனும் தண்ணீரும் சேர்ந்து இந்த ஊரில் 85-ஐ ஒட்டியே கொதித்து நிற்கும். 90 வேண்டுமென்றால் மூடித்தான் ஆக வேண்டும்.

எங்கே கெடும்? டெட்ராகிஸ் எலுமிச்சை மஞ்சளாக இருக்க வேண்டும். பச்சையோ பழுப்போ தட்டினால் காற்று பட்டுவிட்டது, குப்பிக்குள் பாதி பாஸ்பீன் ஆக்சைடு. போரானிக் அமிலம் வைத்திருக்க வைத்திருக்கத் தண்ணீரை இழந்து மூன்று மூன்றாகக் கோத்துக்கொள்ளும்; எடை ஒன்று, மோல் வேறு. 1.2 பங்கு போடுவதற்கு ஒரு காரணம் அது. இன்னொன்று, சூட்டில் போரான் கழன்று அமிலம் வெறும் பென்சீனாகப் போவது. 2-பிரிடைல் போரானிக் அமிலத்தில் இது எவ்வளவு வேகமென்றால், அதை வாங்குவதே வீண் என்பது இங்குள்ளோர் தீர்ப்பு. ஆக்சிஜன் நுழைந்தால் போரானிக் அமிலம் தன்னோடு தானே கோத்துப் பைஃபீனைல் தரும். அந்தப் புள்ளி, கலவையைப் பிரித்துக் காட்டும் சிலிக்காத் தகட்டில் ஓங்கித் தெரிந்தால் குறை வேதியியலில் இல்லை, ரப்பர் மூடியில். கலவை சட்டென்று கறுத்துச் சுவரில் கண்ணாடிபோல் படிந்தால் பல்லேடியம் கரைசலை விட்டு இறங்கிவிட்டது. பல்லேடியத்தைப் பிடித்து நிற்கும் ஈனி (லிகண்ட்) போதவில்லை, அல்லது சூடு அதிகம்.

புரோமைடுக்குப் பதில் குளோரைடு என்றால் கதையே வேறு. கார்பன்–அயோடின் பிணைப்பு மோலுக்கு ஏறத்தாழ 65 கிலோகலோரி, புரோமின் 81, குளோரின் 96. சாதாரண டிரைஃபீனைல்பாஸ்பீன் மாட்டிய பல்லேடியத்துக்கு அந்தக் கடைசிப் பிணைப்பை உடைக்கத் தெம்பில்லை. மலிவான குளோரைடுகளை வேலைக்கு இழுக்கத்தான் எக்ஸ்பாஸ், எஸ்பாஸ் போன்ற பெருத்த ஈனிகள். எலக்ட்ரானைத் தள்ளிப் பல்லேடியத்தைத் தூண்டுவது ஒரு வேலை. பருத்த உடம்பால் இரண்டாவது ஈனிக்கு இடம் கொடுக்காதது இன்னொன்று. வினையூக்க ஆராய்ச்சி என்று பல ஆய்வேடுகளில் இருப்பது இந்த ஈனியை ஓர் அணு இப்படி, ஓர் அணு அப்படி மாற்றிப் பார்ப்பதே.

வினை முடிந்ததும் ‘காலம் ஓட்டுவது’. சிலிக்கா நிரப்பிய கண்ணாடித் தூணில் பிரித்தெடுப்பதை இங்கே எல்லாரும் காலம் என்றுதான் சொல்கிறார்கள், அவ்வளவு காலம் அதில் போவதால் யாரும் திருத்துவதில்லை. முழு விளைச்சல் 196 மில்லிகிராம். தராசு 204 காட்டினால் மகிழ வேண்டாம், எத்தில் அசிட்டேட் காயவில்லை.

மாணவி ஒரே குழாயோடு நிறுத்தவில்லை, நான்கு வைத்தார். முழுமையானது, காரம் (கார்பனேட்) இல்லாதது, போரானிக் அமிலம் இல்லாதது, பல்லேடியம் இல்லாதது. இந்தக் கடைசிக் குழாயின் பெயர் பிளாங்க்; வினையூக்கி இல்லாததால் இதில் எதுவும் நடக்கக் கூடாது. தகட்டில் மூலப்பொருளும் விளைபொருளும் ஒட்டி நிற்கும். ஒன்பதுக்கு ஒன்று ஹெக்சேன்–எத்தில் அசிட்டேட்டில் இரண்டு முறை ஓட்டினால் பிரியும். மாலை ஆறு மணிக்கு விளக்கடியில் பார்த்தபோது பிளாங்கிலும் மெல்லிய புள்ளி.

“அண்ணா, பிளாங்க்ல வருது.”

“எவ்வளவு?”

ஹைட்ரஜன் அணுக்களைக் கொம்புகளாகக் காட்டும் என்எம்ஆரில் மூலப்பொருளின் மெத்தில் 2.59-இல், விளைபொருளுடையது 2.64-இல். சிறிய கொம்பு 2.64-இல் நிற்கிறது. பரப்பை அளந்தால் 4 சதவீதம்.

“பல்லேடியமே போடலைங்கறே. அப்ப யாரோ போட்டிருக்காங்க. யாருன்னு பாரும்மா.”

நாள் 4, புதன்: பேய்ப் பல்லேடியம்

இந்தத் துறையின் பாதி வரலாறு ‘யாரோ போட்டிருக்காங்க’ என்பதுதான். ஜெர்மனியின் மூல்ஹைமில் கார்ல் ஸீக்லர் எதிலீனை நீளச் சங்கிலியாக்க முயன்றபோது ஒரு முறை வளர்ச்சி பாதியிலேயே நின்றது. தேடினால் எஃகுக் கலத்தில் நிக்கல் சுவடு. நிக்கல் இப்படிச் செய்தால் மற்ற உலோகங்கள் என்ன செய்யும் என்று வரிசையாகப் பார்த்ததில் 1953-இல் பாலிஎதிலீன் வினையூக்கி கிடைத்தது. அது நோபல் வரை போனது. குரோமியம் குளோரைடு வைத்துச் செய்யும் இணைப்பு ஒரு குப்பியில் ஓடும், இன்னொன்றில் படுக்கும். ஓடிய குப்பியில் நிக்கல் அழுக்கு இருந்தது என்று 1986-இல் கிஷி குழுவும் நொசாகி குழுவும் தனித்தனியே கண்டார்கள். இன்று நிக்கலைத் தெரிந்தே போடுகிறோம்.

மறுபக்கமும் உண்டு. 2003-இல் உலோகமே இல்லாத சுசுகி என்று ஒரு கட்டுரை வந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே குழு நேர்மையாகத் திரும்பி வந்து சொன்னது: சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு பல்லேடியம் இருந்திருக்கிறது. ஒரு டன் சோடாவில் 50 மில்லிகிராம். 2009-இல் இரும்பு வினையூக்கிகள் சிலவற்றில் உண்மையில் உழைத்தது செம்புச் சுவடு என்று புக்வால்டும் போல்மும் காட்டினார்கள். 2021-இல் அமீன் ஒன்றே சுசுகியை நடத்துகிறது என்று வந்த கட்டுரை பிறகு திரும்பப் பெறப்பட்டது. அந்த அமீனைத் தயாரிக்கும்போது பயன்பட்ட பல்லேடியம் அதோடே வந்திருந்தது.

ஆக, சந்தேகப் பட்டியல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது விதி. இரண்டை மாற்றினால் பதில் கிடைக்கும், காரணம் கிடைக்காது. புதுக் குப்பி கார்பனேட் போட்டு ஒரு பிளாங்க், வேறு நிறுவனத்துப் போரானிக் அமிலத்தில் ஒன்று, புதுக் கரைப்பானில் ஒன்று, திறக்காத உறையிலிருந்து எடுத்த ஸ்டர் பாரோடு ஒன்று, எதையும் மாற்றாமல் ஒன்று. எல்லாவற்றுக்கும் காகிதத் தோணியில் எடை. ஆய்வகக் கரண்டி தொடக் கூடாது. போரானிக் அமிலத்தைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது, சிலவற்றைப் பல்லேடியம் வைத்தே தயாரிக்கிறார்கள்.

பழைய பாரை மாமா பட்டறை லென்ஸில் வைத்துக் காட்டினார். வெள்ளை டெஃப்லான் உறை, கண்ணுக்குச் சுத்தம். பத்து மடங்கில் பார்த்தால் நடுவளையத்தின் ஓரம் முழுக்கக் கீறல், கீறலுக்குள் சாம்பல் நிறப் பொடி, ஒரு முனையில் மிளகளவு கரும்புள்ளி. குடுவைச் சுவரில் லட்சம் தடவை மோதிய பாருக்கு இதுதான் முகம். மாஸ்கோவில் அனனிகோவ் குழு 2019-இல் இதையே மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, பழைய பார் மட்டுமே பிளாங்கில் வினை நடத்தப் போதும் என்று எழுதியது.

ராஜ திராவகத்தில் கழுவினால் போகாதா? ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு, அப்போதைக்கப்போது கலந்தது, இரவு முழுக்க. பெரும்பகுதி போகும். கீறலின் அடியில் இருப்பது போகுமென்று உறுதியில்லை. அந்தத் திராவகத்தை மூடிய பாட்டிலில் எடுத்துவைக்கவே கூடாது, குளோரின் கிளம்பி மூடியைப் பிய்க்கும்.

பல்லேடியம் கரைந்து வேலை செய்கிறதா, துகளாகவா என்பது தனி வழக்கு. பாதரசத் துளி போட்டு வினை நின்றால் துகள் என்பார்கள். ஆனால் பாதரசம் சில கரைந்த சேர்மங்களையும் தாக்கும். அதைவிட நம்பத்தக்கது சூட்டோடு வடிப்பது. வினை 30 சதவீதம் நடந்ததும் சூடாகவே வடித்து, வடிநீர் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறவிட்டு வடித்தால் கரைந்த பல்லேடியம், துகளைத் தாங்கும் கரித்தூள் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், துகள்தான் என்று பொய் சாட்சி கிடைக்கும்.

நாள் 5, வியாழன்: பொம்மசந்திரா

மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஆர்.வி. ரோடு, அங்கே 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடத்துக்கு மாற்றம். இந்தத் தடத்தில் மருந்து நிறுவனத்தின் பெயரோடு ‘பயோகான் ஹெப்பகோடி’ என்று ஒரு நிறுத்தம். காலையில் அடையாள அட்டை மாட்டியவர்களில் பலர் வேதியியல்காரர்கள். தமிழும் தெலுங்கும் சம அளவில் கேட்கிறது.

பார்த்தது மருந்து இடைப்பொருள் செய்யும் ஒரு கூடம். இதே சுசுகி இங்கே ஆயிரம் லிட்டர்க் கலத்தில். மில்லிகிராமில் வராத தொல்லைகள். பக்க நீளம் பத்து மடங்கானால் கன அளவு ஆயிரம் மடங்கு, சுவர் நூறு மடங்குதான்; உள்ளே பிறக்கும் சூட்டுக்கு வெளியேறும் வழி பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. அதனால் எல்லாவற்றையும் போட்டுச் சூடாக்க மாட்டார்கள், ஏதாவது ஒன்றைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஆக்சிஜனை நீக்க 20 நிமிடம் போதாது. கண்ணாடிப் பூச்சுள்ள சுவரில் படியும் கரும்படலம் அடுத்த சரக்கில் பேயாக வரும்.

இங்கே பெரிய கேள்வி, பல்லேடியத்தை எப்படி வெளியேற்றுவது? வாயால் உட்கொள்ளும் மருந்தில் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம்தான் அனுமதி. பத்து கிராம் மருந்து என்று வைத்தால் பத்து லட்சத்தில் 10 பங்கு. பலரும் அந்த எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள். கரித்தூள் மலிவு, ஆனால் மருந்தையும் சேர்த்து விழுங்கும். கந்தகம் ஏற்றிய சிலிக்கா சுத்தமாகப் பிடிக்கும், விலை கடிக்கும். அசிட்டைல்சிஸ்டீன் கரைசலில் கழுவுவது இடைவழி. எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனம், இணைப்பைக் கடைசிப் படியில் வைக்காமல் முன்னே தள்ளுவது. பின்னால் வரும் ஒவ்வொரு படிகமாக்கலும் கொஞ்சம் பல்லேடியத்தைக் கழித்துவிடும். வீட்டில் பெரியவர்கள் விழுங்கும் பிரஷர் மாத்திரை லோசார்டனுக்கு மெர்க் 1994-இல் வெளியிட்ட தயாரிப்பு வழியில் இரண்டு வளையங்களைக் கோப்பது சுசுகிதான்.

வேலைப் பாதை பற்றிச் சுருக்கமாக. எம்.எஸ்ஸி., நெட் தேர்வு, ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, இரண்டு ஆண்டு கழித்து 42,000. முனைவர் பட்டம் ஐந்து ஆண்டு. பிறகு ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா என்று இரண்டு மூன்று ஆண்டு. திரும்பினால் இன்ஸ்பயர், ராமானுஜன் போன்ற உதவியில் தொற்றிக்கொண்டு ஆசிரியர் இடம் தேடுவது. இல்லையேல் இந்த மஞ்சள் தடம். கூடத்தில் கேட்டது ஒன்று: நேர்முகத்தில் எத்தனை கட்டுரை என்பதைவிட, ‘உன் வினை படுத்தபோது எதை முதலில் மாற்றினாய்’ என்பதைத்தான் துருவுகிறார்களாம். சரியான கேள்வி.

நாள் 6, வெள்ளி: 2.64

ஐந்து பிளாங்குகளின் என்எம்ஆர் காலையில் வந்தது. எதையும் மாற்றாதது: 4 சதவீதம். புதுக் கார்பனேட்: 4. வேறு போரானிக் அமிலம்: 3. புதுக் கரைப்பான்: 4. புது பார்: 2.64-இல் எதுவுமில்லை, கோடு தட்டையாகக் கிடக்கிறது.

“பெட்டியோட தூக்கிப் போடும்மா.”

“அண்ணா, ஜூன்ல இருந்து இந்தப் பெட்டிதான்.”

பழைய பார்கள் குப்பைத்தொட்டிக்குப் போகவில்லை. ‘பல்லேடியம் வேலைக்கு மட்டும்’ என்று எழுதிய தனி ஜாடிக்குப் போயின. புதுப் பெட்டியில் ஒவ்வொரு பாருக்கும் குறிப்பேட்டில் எண், எத்தனை வினை பார்த்தது என்ற கணக்கு. வினையூக்கியைக் கால் சதவீதத்துக்கும் கீழே குறைத்து ஓட்டிய பதினொரு சோதனைகள் ஜூன் முதல் பதிவாகியிருக்கின்றன. மூன்று சதவீதம் போட்டவற்றில் பாரின் சுவடு ஒரு பொருட்டே இல்லை, அவற்றைத் தொட வேண்டியதில்லை. இந்தப் பதினொன்றும் திரும்ப. மாணவி ஓரத்தில் சிவப்பு மையால் குறியிட்டுக்கொண்டே வந்து, விளைச்சல் மிக நன்றாக வந்திருந்த ஏழாவதை முதலில் எடைபோட உட்கார்ந்தார். மாலை வண்டிக்கு யஷ்வந்த்பூர் கிளம்பும்போது எண்ணெய்ச்சட்டி 90 தொட்டிருந்தது.